மீஞ்சூர் வயலில் முளை அடித்துவிட்டார்கள்: 400 கே.வி. மின்பாதை எப்படி வருகிறது, எப்போது பேச வேண்டும்?

கேள்வி இதுதான். மீஞ்சூருக்கு மேற்கே ஒரு தம்பியின் பெரியப்பாவுக்கு நெல் வயல் இருக்கிறது. போன வாரம் சர்வேக்காரர்கள் வந்து, வரப்போரம் சிவப்புச் சாயம் பூசிய மர முளைகளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 400 கே.வி. (கிலோவோல்ட், அதாவது நான்கு லட்சம் வோல்ட்) லைன் வருகிறது என்று மட்டும் சொன்னார்களாம். ஏன் இந்த வழியாக வருகிறது, யார் முடிவு செய்கிறார்கள், பூமிக்கடியில் கேபிளாகப் போடக் கூடாதா, நிலம் போய்விடுமா என்று அந்தத் தம்பி கேட்கிறார்.

தம்பி, நான் உயர் அழுத்த லைன் கட்டும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். அதனால் இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நிலம் பெரியப்பா பெயரிலேயே இருக்கும். ஆனால் கோபுரம் நிற்கும் இடத்தையும் கம்பிக்குக் கீழே உள்ள பட்டையையும் முன்போல் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. மர முளை அடித்திருக்கிறார்கள் என்றால் வழி இன்னும் முழுசாக உறுதியாகவில்லை. கோபுரம் நிற்கும் இடத்தின் நான்கு மூலையிலும் குழி தோண்டக் குறி போட்டிருந்தால் நிலைமை வேறு. ஆகவே பேசுவதற்கான நேரம் இப்போதுதான்.

சரி, ஏன் இங்கே?

வடசென்னை நூறு வருடத்துக்கும் மேலாக இந்த நகரத்துக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும் பக்கம். ஆங்கிலேயர் காலத்தில் பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்தார்கள். 1970களில் எண்ணூர் அனல் மின்நிலையம் வந்தது. 450 மெகாவாட் திறன் கொண்ட அது 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200 மெகாவாட், 2024இல் தொடங்கி வைக்கப்பட்ட மூன்றாம் நிலை 800 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இன்னும் 1,320 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. இவ்வளவு மின்சாரமும் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் பிறக்கிறது. பிறந்த இடத்திலேயே செலவாகாது. கம்பி வழியாக வெளியே போயாக வேண்டும்.

மின்சாரம் இங்கிருந்து வெளியே மட்டும் போவதும் இல்லை. ஆடி மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும்போது தெற்கிலிருந்து மின்சாரம் வடக்கே வரும். அப்போது இங்கே மின்நிலையத்தின் ஒரு யூனிட் பராமரிப்புக்காக நின்றிருந்தால் செங்குன்றம் பக்கம் அலமாதியில் உள்ள 400 கே.வி. துணை மின்நிலையம் போன்ற இடங்கள் வழியாக நகரத்துக்கு உள்ளே இழுக்க வேண்டும். பின்பனிக் காலத்தில் நிலைமை தலைகீழ். லைன் என்பது இரண்டு பக்கமும் வண்டி ஓடும் சாலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் (வோல்டேஜ்) ஏன் இவ்வளவு அதிகம் என்று பலர் பயத்தோடு கேட்பார்கள். கணக்கைப் பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும். 1,000 மெகாவாட்டை 400 கே.வி.யில் அனுப்பினால் ஒவ்வொரு பேஸிலும் (லைனின் மூன்று மின்கம்பித் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும்) சுமார் 1,440 ஆம்பியர் ஓடும். அதே மின்சாரத்தை நம் தெருவில் வரும் 11 கே.வி.யில் அனுப்பப் பார்த்தால் 52,000 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதைத் தாங்கும் கம்பியை எந்தக் கோபுரத்திலும் தொங்கவிட முடியாது. கம்பி சூடாவதால் வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது அதே கம்பியில் அழுத்தத்தை 11இலிருந்து 400ஆக உயர்த்தினால் இழப்பு 1,300 மடங்கு குறையும். அதனால்தான் தமிழ்நாட்டில் 110, 230, 400, 765 கே.வி. என்று படிப்படியாக ஏற்றி வைத்திருக்கிறோம். வெளி மாநிலத்தில் 132, 220 என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நம் ஊரில் 110, 230 என்பதுதான் வழக்கம்.

திட்டமிடல் வயலில் தொடங்குவதில்லை, கணினியில் தொடங்குகிறது. ஐந்து வருடம், பத்து வருடம் கழித்து எந்தத் துணை மின்நிலையத்தில் எவ்வளவு சுமை இருக்கும் என்று கணித்து, மின்சாரம் எந்தக் கம்பியில் எவ்வளவு ஓடும் என்று பார்ப்பார்கள். லோட் ஃப்ளோ என்று சொல்வோம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் ஏதாவது ஒரு லைனோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரோ போய்விட்டால், மற்றவை சுமையைத் தாங்கிக்கொண்டு ஊரை இருட்டாக்காமல் வைத்திருக்க வேண்டும். இதுதான் அடிப்படை விதி. இதற்காகத்தான் "ஏற்கெனவே நான்கு லைன் போகிறதே, ஐந்தாவது எதற்கு" என்ற கேள்விக்கு எங்கள் ஆட்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

2024 செப்டம்பர் 12 இரவு உங்களுக்கு நினைவிருக்கும். மணலி துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட தீயால் நகரத்தின் பல பகுதிகளில் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது. வெயில் காலமும் இல்லை, புயலும் இல்லை. மாற்று வழிகள் போதாத இடத்தில் ஒரு முனை விழுந்தால் என்ன ஆகும் என்பதை அந்த இரவில் நாம் எல்லோரும் பார்த்தோம். புதிய லைன் தேவையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தேவை இருக்கிறது. எந்த வழியாக, எந்த மாதிரி என்பதில்தான் ஊர் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

அங்கேயும் முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும். புதிய லைனுக்குப் பதில் பழைய லைனை வலுப்படுத்த முடியுமா? பழைய கோபுரத்திலேயே, அதிக வெப்பத்திலும் தொய்யாத புது வகைக் கம்பியை மாற்றினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மின்சாரம் அனுப்ப முடியும். பக்கத்தில் ஏற்கெனவே போகும் லைனை நடுவில் வெட்டி, புதிய துணை மின்நிலையத்துக்குள் இழுத்து, மறுபடி வெளியே விடுவதும் உண்டு. லைலோ என்பார்கள். ஒரே கோபுரத்தில் நான்கு சர்க்யூட்டைத் தூக்குவதும் நடக்கிறது; மூன்று பேஸ் சேர்ந்தது ஒரு சர்க்யூட். இவை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனால் இந்த மூன்றையும் பார்த்தீர்களா, பார்த்து ஏன் விட்டீர்கள் என்று எழுத்தில் கேட்பது நியாயமான கேள்வி. கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

இனி வழி. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்ததும், மிகவும் வலித்ததும் இந்தக் கட்டம்தான்.

இரண்டு துணை மின்நிலையத்துக்கும் இடையே வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அதுதான் மலிவான வழி. ஆனால் நேர்கோட்டில் யாரும் லைன் கட்டியதில்லை. குறைந்தது மூன்று மாற்று வழிகளைச் செயற்கைக்கோள் படத்தில் வரைந்து ஒப்பிடுவார்கள். ஊர், பள்ளிக்கூடம், கோயில், ஏரி, காடு, சதுப்பு, விமான நிலையத்துக்கு இறங்கும் பாதை, பீரங்கிப் பயிற்சித் தளம் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். மீஞ்சூர் பக்கத்தில் சென்னை–கூடூர் ரயில் பாதையைக் கடந்தாக வேண்டும். ரயிலைக் கடக்கும்போது கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். கீழே 25 கே.வி. ரயில் கம்பி ஓடுவதால் வேலை நடக்கும் சில மணி நேரத்துக்கு ரயில்வேயிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, எண்ணூர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சென்னை எல்லைச் சாலை, எண்ணெய்க் குழாய்கள், ஏற்கெனவே காட்டு மரம் போல் நெருங்கி நிற்கும் பழைய லைன்கள் என்று இந்தப் பக்கத்தில் தடை ஒன்று இரண்டு இல்லை.

வழி எங்கே வளைகிறதோ அங்கே ஆங்கிள் டவர் வரும். நேராகப் போகும் இடத்தில் நிற்கும் கோபுரம் கம்பியின் எடையைத் தூக்கினால் போதும். வளைவில் நிற்பது இரண்டு பக்க இழுவிசையையும் தாங்க வேண்டும். அதனால் அது கனமானது, அகலமானது, விலை அதிகம். 60 டிகிரி வரை வளைக்கும் கோபுரத்துக்கு ஆகும் இரும்பு, நேர்க் கோபுரத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. இதனால் சர்வேக்காரர் எப்போதும் வளைவைக் குறைக்கப் பார்ப்பார். ஒருவர் வயலைச் சுற்றிப் போகச் சொன்னால் இரண்டு மூன்று வளைவு கூடும். ஆனால் கோபுரத்தை அதே கோட்டிலேயே முன்னே பின்னே முப்பது நாற்பது மீட்டர் நகர்த்தச் சொன்னால் வளைவு எதுவும் கூடாது. வயல் நடுவில் நிற்க வேண்டியது வரப்புக்கோ மூலைக்கோ போய்விடும். இந்தக் கோரிக்கைக்கு நல்ல பலன் இருப்பதை நானே பல முறை பார்த்திருக்கிறேன். வழியையே மாற்றச் சொல்லிப் போராடி இரண்டும் கிடைக்காமல் போனவர்களும் உண்டு.

400 கே.வி.யில் இரண்டு கோபுரத்துக்கு இடையே சுமார் 400 மீட்டர் இருக்கும். மூஸ் என்கிற வகைக் கம்பியைத்தான் பெரும்பாலும் போடுவோம். நடுவில் எஃகு, சுற்றி அலுமினியம், விட்டம் 32 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மீட்டருக்கு இரண்டு கிலோ. ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும் ஒரு கம்பியே 800 கிலோ. இரண்டு சர்க்யூட், பேஸுக்கு இரண்டு கம்பி என்றால் மொத்தம் பன்னிரண்டு கம்பி, ஒன்பதரை டன் எடை இரண்டு கோபுரத்துக்கு இடையே அந்தரத்தில் தொங்குகிறது. வெயிலிலும் முழுச் சுமையிலும் கம்பி சூடேறி நீளும்போது நடுவில் 12, 13 மீட்டர் வரை தொய்யும். அப்படித் தொய்ந்த நிலையிலும் தரையிலிருந்து குறைந்தது 8.84 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுச் சுவரிலிருந்து பக்கவாட்டில் ஐந்தரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். காற்றில் கம்பி ஊசலாடுவதையும் கணக்கில் சேர்த்துத்தான் 400 கே.வி.க்கு 46 மீட்டர் அகலப் பாதை என்று வைத்திருக்கிறார்கள். 765 கே.வி.க்கு 67 மீட்டர், நம் 110 கே.வி.க்கு 22 மீட்டர்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி மேல்நிலை லைன் போட அரசின் முன் அனுமதி வேண்டும். 164ஆம் பிரிவின்படி, 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தில் தந்தித் துறைக்கு இருந்த அதிகாரத்தை லைன் போடும் நிறுவனத்துக்கு அரசு கொடுக்கலாம். அந்த அதிகாரம் இருந்தால் நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமலேயே கோபுரம் நடலாம். உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. ஆனால் அதே தந்திச் சட்டம் இன்னும் சிலவற்றைச் சொல்கிறது. நிறுவனத்துக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே, நிலத்தின் உடைமை இல்லை. கூடியவரை குறைந்த சேதத்தோடு வேலை செய்ய வேண்டும். சேதத்துக்கு முழு இழப்பீடு கொடுக்க வேண்டும். நீங்கள் தடுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் போய் அனுமதி வாங்குவார்கள். அந்த விசாரணையில் உங்கள் தரப்பைச் சொல்ல இடம் உண்டு. இழப்பீட்டுத் தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். மீஞ்சூர் பொன்னேரி வட்டத்தில் வருவதால் உங்களுக்குத் திருவள்ளூர் ஆட்சியர்.

இழப்பீடு பற்றி ஊரில் பழைய கதையே இன்னும் சுற்றுகிறது, பயிருக்கும் மரத்துக்கும் மட்டும்தான் கொடுப்பார்கள் என்று. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. தென்னை மரத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இனி வீடே கட்ட முடியாது என்பதற்கு ஒரு ரூபாயும் கொடுக்காமல் வந்திருக்கிறோம். 2015 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் முதல் முறையாக, கோபுர அடியில் உள்ள நிலத்துக்கு 85 சதவீத மதிப்பு, கம்பிக்குக் கீழே உள்ள பாதை நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2024 ஜூனில் அது கோபுர அடிக்கு நிலமதிப்பில் 200 சதவீதம், பாதைக்கு 30 சதவீதம் என்று உயர்ந்தது. 2025 மார்ச்சில் பாதை நிலத்துக்குக் கிராமப்புறத்தில் 30, நகராட்சி போன்ற பகுதிகளில் 45, பெருநகரத்தில் 60 சதவீதம் என்று பிரித்தார்கள். இவை வழிகாட்டுதல்கள்தான். மாநில அரசு தன் ஆணையில் எதை ஏற்றிருக்கிறதோ அதுதான் உங்கள் கைக்கு வரும். அதனால் அதிகாரியிடம் கேட்கும்போது "எவ்வளவு கொடுப்பீர்கள்" என்று கேட்காதீர்கள். "எந்த அரசாணைப்படி, எந்த மதிப்பை வைத்து" என்று கேளுங்கள்.

கணக்கு போட்டுப் பார்க்க ஒரு உதாரணம். கோபுரத்தின் கால்களுக்கு இடையே 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் சேர்த்தால் 17க்கு 17, அதாவது 289 சதுர மீட்டர், ஏழு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு கோபுரத்துக்கு இடையே 400 மீட்டர் நீளம், 46 மீட்டர் அகலப் பட்டை என்றால் நாலரை ஏக்கர். பணத்தில் பார்த்தால் பெரிய விஷயம் அந்தப் பட்டைதான். எல்லோரும் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதால் கம்பி மட்டும் மேலே போகிறவர்கள் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். பெரியப்பா வயலில் கோபுரம் வராமல் போனாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் மண். மீஞ்சூரின் மேற்கே ஓரளவு கெட்டி மண். கிழக்கே எண்ணூர், காட்டுப்பள்ளி நோக்கிப் போகப் போக உப்பங்கழிச் சேறு. சாதாரண வயலில் நான்கு குழி தோண்டி, கான்கிரீட் அடித்தளம் போட்டு, அதிலிருந்து மேலே வரும் இரும்புக் காலோடு கோபுரத்தை இணைத்துவிடலாம். கழிமுகத்தில் அது நிற்காது. கெட்டி மண் கிடைக்கும் ஆழம் வரை பைல், அதாவது பூமிக்குள் நீளும் கான்கிரீட் தூண், இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் சில பைல், மேலே ஒரு தொப்பி. அந்த இயந்திரத்தைக் கொண்டுபோக வழி வேண்டும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

பல வருடங்களுக்கு முன்னால் நான் இருந்த ஒரு வேலையில், கழியின் நடுவில் இரண்டு கோபுரம். இயந்திரம் போக ஒப்பந்தக்காரர் கிராவல் மண்ணைக் கொட்டி ஒரு பாதை போட்டார். கைகளால் தடவி இறால் பிடிக்கும் ஒரு பெரியவர் தினமும் வந்து நின்று பார்ப்பார். ஒரு நாள் என்னிடம் வந்து, "சார், நீங்க மண்ணு போட்டிருக்கிற இடத்துலதான் ஓதம் உள்ள வரும். தண்ணி வராம இறால் எப்படி வரும்?" என்று கேட்டார். ஓதம் என்றால் கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் தண்ணீர். வரைபடத்தில் அந்த இடம் வெறும் நீல நிறம். அதற்குள் ஒரு ஓட்டம் இருக்கிறது என்று எங்கள் சர்வேயில் எங்கேயும் இல்லை. வேலை முடிந்ததும் மண்ணை எடுத்துவிடுவோம் என்று நான் சொன்னேன், உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன். வேலை முடிந்தது. மேலாக இருந்ததை எடுத்தார்கள், அடியில் இருந்தது அப்படியே கிடந்தது. அந்த வருடம் அவர் இறாலுக்கு வேறு பக்கம் நடந்து போனார். அடியில் தண்ணீர் ஓடும்படி குழாய் வைத்த பாலம் வழியாகவோ மிதவை மேலோ இயந்திரத்தைக் கொண்டுபோயிருக்கலாம். நான் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கேட்கவில்லை.

எண்ணூர் கழிமுகத்தில் இதே மாதிரி கோபுர வேலைக்காக ஆற்றுக்குள் மண் கொட்டியதை எதிர்த்து மீனவக் குப்பத்து மக்கள் பின்னாளில் போராடினார்கள். விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அவர்கள் கேட்டது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஏற்கெனவே சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் தாங்கிய நீர் அது. கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பின்படி அலையாத்திக் காடும் சேற்றுத் திட்டும் மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வருகின்றன. அங்கே லைன் போட முடியாது என்று இல்லை, அனுமதி வாங்கி நிபந்தனையோடு போடலாம். நிபந்தனை காகிதத்தில் இருக்கும். அதைக் களத்தில் பார்க்க ஊர்க்காரர்தான் இருப்பார். முடிந்தால் கோபுரத்தைக் கரையிலேயே வைத்து, உயரத்தைக் கூட்டி, நீண்ட இடைவெளியில் ஒரே தாவலாகத் தாண்டிவிடலாம். செலவு கூடும், ஆனால் செய்யக்கூடியதுதான். பழவேற்காடு நோக்கிப் போகும் லைன் என்றால் பூநாரைகள் பார்த்து விலகும்படி கம்பியில் வண்ணத் தட்டுகளை மாட்ட வேண்டும்.

கேபிள் கேள்விக்கு வருகிறேன். சென்னை நகரத்துக்குள் 110, 230 கே.வி. கேபிள்கள் ரோட்டுக்கு அடியில் நிறையவே ஓடுகின்றன. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ 46 மீட்டர் பட்டைக்கு எங்கே போவது? அங்கே கேபிள்தான் வழி, அதைக் கேட்பது நியாயம். உங்கள் வயலில் 400 கே.வி. கேபிள் என்றால் செலவு பல மடங்கு ஆகும் என்பது ஒரு காரணம். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. கேபிள் ஒரு நீண்ட மின்தேக்கி போல் நடந்துகொள்ளும், தன்னை நிரப்பிக்கொள்ளவே கணிசமான மின்னோட்டத்தை எடுக்கும். நீளம் கூடினால் அதைச் சமாளிக்கத் தனிக் கருவிகள் வேண்டும். பழுது வந்தால் மேல்நிலைக் கம்பியை ஒரு நாளில் சரிசெய்யலாம். 400 கே.வி. கேபிளில் பழுதைக் கண்டுபிடித்து, தோண்டி, சுத்தமான கூடாரத்துக்குள் இணைப்புப் போட்டு முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதோடு கேபிள் போகும் பட்டையில் தோண்ட முடியாது, போர் போட முடியாது, மரம் வைக்க முடியாது. மேல்நிலை லைனின் கீழே நெல் விளைகிறது. வயலைக் காப்பாற்றத்தான் கேட்கிறீர்கள் என்றால் கேபிள் அவ்வளவு நல்ல பதில் இல்லை. ஊருக்குள், வீடுகளுக்கு நடுவே போகிறது என்றால் விடாமல் கேளுங்கள். குறுகலான இடத்துக்கு ஒற்றைத் தூணாக நிற்கும் மோனோபோலும் உண்டு. அதன் அடிக்குத் தேவைப்படும் இடம் மிகக் குறைவு.

கட்டுமானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடித்தளம் ஊறியதும் கோபுரத்தைத் துண்டு துண்டாகத் தூக்கி மேலே மேலே முடுக்குவார்கள். அந்த ஆட்கள் பெரும்பாலும் மேற்கு வங்கம், ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள். ஐம்பது மீட்டர் உயரத்தில் இடுப்பு வாரோடு அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தால் கண் கூசும். அவர்கள் உங்கள் வயலோரம் கூடாரம் போட்டால் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பிறகு கம்பி இழுப்பு. முதலில் மெல்லிய கயிறு, இப்போது அதை ட்ரோனில் அனுப்புகிறார்கள். அதைப் பிடித்து எஃகுக் கயிறு, அதைப் பிடித்துக் கம்பி. ஒரு முனையில் இழுக்கும் இயந்திரம், மறுமுனையில் இறுக்கிப் பிடிக்கும் இயந்திரம். கம்பி தரையில் உரசக் கூடாது. உரசினால் அலுமினியத்தில் கீறல் விழும், பிற்காலத்தில் இரவெல்லாம் அந்த இடம் சீறும். பயிர் அதிகமாக மிதிபடுவது இந்தக் கட்டத்தில்தான். சம்பா நடவு முடிந்து கதிர் பிடிக்கும் நேரத்தில் இழுக்க வருகிறார்கள் என்றால், அறுவடை வரை தள்ளக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், இழப்பீடு அவர்களுக்கும் மிச்சம்.

வடசென்னைக்கென்று தனிக் கவலை ஒன்று உண்டு. கடல் உப்பும் நிலக்கரிச் சாம்பலும், மின்சாரம் கோபுரத்துக்குப் பாயாமல் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் மேல் படியும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் ஆகாது. மார்கழிப் பனியில் நனைந்தால் அந்தப் படிவமே மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்து, விடியற்காலையில் பெரும் வெளிச்சத்தோடு லைன் ட்ரிப் ஆகும். பீங்கான் தட்டுகள் என்றால் 400 கே.வி.க்கு ஒரு சரத்தில் 23 இருக்கும். அவற்றைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் இங்கே தண்ணீர் ஒட்டாத சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டர்களை நான் எப்போதும் வற்புறுத்துவேன். காற்றும் அப்படித்தான். சென்னைக்கு வடிவமைப்புக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கடந்தபோது மின்கம்பங்களோடு சில உயர் அழுத்தக் கோபுரங்களும் சாய்ந்தன. கோபுரத்துக் குறுக்குக் கம்பிகளை யாராவது திருடிப் போயிருந்தால் அது புயலில் முதலில் விழும். உங்கள் வயலில் ஒரு துண்டு காணாமல் போனாலும் உடனே சொல்லிவிடுங்கள்.

மின் ஆய்வாளர் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு, சுமை இல்லாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் லைன் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து யாரும் ஏறிவிடக் கூடாது. ஊரில் தண்டோரா போட்டுச் சொல்வது இதற்குத்தான்.

உடம்புக்குக் கெடுதலா என்று பெரியம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002இல் மின்கம்பி வகைக் காந்தப் புலத்தைப் "புற்றுநோயை உண்டாக்கக் கூடும்" என்ற வகையில் வைத்தது. ஆதாரம் வலுவாக இல்லை, முழுசாக ஒதுக்கவும் முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். கம்பிக்கு அடியில் நாற்று நடுவதும் களை எடுப்பதும் செய்யலாம். வீடு கட்டிக் குடியிருக்கக் கூடாது. வைக்கோல் போரைக் கம்பிக்குக் கீழே உயரமாகப் போடக் கூடாது. நீளமான இரும்புக் குழாயை நட்டுக்குத்தலாகத் தூக்கக் கூடாது, போர் போடும் வண்டியைக் கீழே நிறுத்தவே கூடாது. லைனுக்கு இணையாக ஓடும் கம்பிவேலியில் சுருக்கென்று அடித்தால் வேலியைப் பூமியோடு இணைத்துவிட வேண்டும். மழைக்கால இரவில் உஸ்ஸென்று சத்தம் கேட்கும். கம்பியைச் சுற்றிக் காற்று அயனியாவதால் வருவது அது, பயப்பட வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. பட்டா, சிட்டா, அடங்கல் நகலோடு புல வரைபடத்தையும் வாங்குங்கள். அதில் முளைகள் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். கிணறு, போர், வாய்க்கால், நீங்கள் வீடு கட்ட நினைத்திருக்கும் இடம் எல்லாவற்றையும் அதே படத்தில் காட்டுங்கள். கோபுரத்தை எங்கே வைத்தால் உங்களுக்குச் சேதம் குறையும் என்று நீங்களே ஒரு இடத்தைச் சொல்லி, லைன் போடும் அலுவலகத்தின் செயற்பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். அப்படி எழுதும் முன்னால், வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் இந்தப் பக்கம் இருப்பவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு அந்தப் படத்தை விரித்துக் காட்டுங்கள். பெரியப்பா வயலிலிருந்து கோபுரம் நகர்ந்தால் அவர்கள் வயலுக்குத்தான் நகரும்.